பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் ப்ளோக், 1940-இல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றதற்கு யாரைக் குற்றம் சொல்கிறார்?

முதலில் ராணுவத் தலைமையை. டாங்கி பற்றாக்குறைதான் முக்கியக் காரணம் என்று அவர் சொல்லவில்லை. 1940-இல் ஜெர்மானியர் வேகத்தை நம்பிப் போரிட்டார்கள். பிரெஞ்சுத் தளபதிகளோ முதல் உலகப் போர் முடிந்த 1918-இன் நிதானத்திலேயே யோசித்தார்கள். இதுதான் அவருடைய வாதம்.

இதைப் பற்றி அவர் எழுதிய 'விசித்திரத் தோல்வி' நூலில் கொஞ்ச தூரம் போயும் காரணமே வரவில்லை என்கிறீர்கள். அநேகமாக முதல் பகுதியிலேயே நிற்கிறீர்கள். அதில் அவர் தன்னைச் சாட்சியாக அறிமுகப்படுத்துகிறார், அவ்வளவுதான். ஐம்பது வயது தாண்டிய பேராசிரியர், முதல் உலகப் போரில் சண்டையிட்டவர், மறுபடியும் சீருடை போட்டு முதலாம் படையின் பெட்ரோல் விநியோகத்தைக் கவனித்தார். எனக்கு மிகவும் மதிப்புள்ள பக்கங்கள் அவை.

சரி, நேராக இரண்டாம் பகுதிக்குப் போங்கள். பின்வாங்கும்போது பிரெஞ்சுத் தளபதிகள் புதிய பாதுகாப்பு வரிசையை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். எதிரிக்கு மிக அருகில்! மூச்சுவிடுவதற்குள் ஜெர்மானியர் அங்கேயும் வந்துவிட்டார்கள். மூன்றாம் பகுதியையும் விடாதீர்கள். தன் தலைமுறையையே அவர் கூண்டில் நிறுத்துவது அங்கேதான்.

ஒன்று மட்டும் கவனம். தோல்வி முடிந்த கையோடு, ஆவணக் காப்பகம் எதுவும் பார்க்காமல் எழுதியது இது. அவர் இருந்தது வடக்கே. செடான் நகரருகே ஜெர்மானியர் பிரெஞ்சுப் பாதுகாப்பு வரிசையை உடைத்ததை அறிய வேறு நூல் வேண்டும்.