பாலியல் குற்ற முறைப்பாட்டின்போது கொழும்பில் பொலிஸாரிடம் என்ன உதவி கிடைக்கும்?

தமிழ் மட்டுமே தெரிந்த பெண்ணொருவர் துணிந்து முறைப்பாடு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். பொலிஸ் நிலையங்களில் உள்ள சிறுவர் மற்றும் மகளிர் பிரிவில், பெண் உத்தியோகத்தர் ஒருவரே தனியிடத்தில் வாக்குமூலம் பெற வேண்டும் என்று கேளுங்கள். நம்பிக்கையான ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மொழி விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தமிழில் சொல்வது அரசியலமைப்பு தரும் உரிமை. சிங்களத்தில் எழுதியிருந்தால், அதைத் தமிழில் வாசித்து விளக்கும் வரை கையொப்பமிட வேண்டாம். ஒரு நேரமோ ஓர் உறவுமுறையோ தவறாகப் பதிவானால், பின்னர் நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்து, பொலிஸார் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை வழங்கிச் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை, உங்கள் சம்மதமும் அவசியம். இயலுமானவரை குளிக்காமல், அன்று அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் கடதாசிப் பையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்கள் கடந்துவிட்டாலும் முறைப்பாடு செய்யத் தயங்க வேண்டாம்.

2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம், பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கோரும் உரிமையை அளிக்கிறது. அவர்களை அச்சுறுத்துவது தனிக் குற்றமாகும். தண்டனைச் சட்டக் கோவையின் 365இ பிரிவு, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. 'ஊர் என்ன சொல்லும்' என்ற அச்சத்தில் வாய்மூடியிருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

அவசரத்துக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938, சிறுவர் தொடர்பில் 1929 ஆகிய இலக்கங்களை அழைக்கலாம்.