கடல் பக்கத்தில இருக்குத்தானே அண்ணா?

கடிதம்:

வணக்கம் அண்ணா. நான் திருகோணமலை அலஸ்தோட்டத்தில இருக்கிறன். மகளுக்கு அடுத்த மாசம் ஏழு வயசு முடியுது, பிறந்தநாளுக்கு உப்புத்தண்ணித் தொட்டி ஒண்டு வச்சுக் குடுக்க ஆசை, கோமாளி மீன் ரெண்டும் கொஞ்சம் முருகையும் (பவளம், கோரல்). தொட்டி வாங்கிட்டன், ரெண்டடி நீளம், அகலமும் உயரமும் ஒண்டரை அடி. கொழும்பு ஆக்கள் மீன் தொட்டிக்கெண்டு விக்கிற உப்புப் பக்கெட் வாங்கிக் கரைக்கிறாங்கள், எங்களுக்கு வாசலில கடல் இருக்குத்தானே, அள்ளி ஊத்தினா என்ன? இல்லாட்டி நிலாவெளிக் கல்லுப்பு சரிவராதா? புறாத்தீவில கல்லு எடுத்துத் தாறன் எண்டு கூட்டாளி ஒருத்தன் சொல்றான்.

பதில்:

தம்பி, கல்லு விஷயத்தை முதல் சொல்லிடுறன். வேண்டாம். கூட்டாளிட்ட இண்டைக்கே சொல்லுங்கோ. புறாத்தீவு 1963ல சரணாலயமா இருந்து 2003ல தேசிய பூங்கா ஆனது, அங்க இருந்து செத்த கல்லைக்கூட எடுக்கேலாது, பூங்காவுக்கு வெளியிலயும் முருகையை உடைக்கிறது சட்டப்படி குற்றம்தான். சட்டத்தை விடுங்கோ, அங்க இருக்கிற உருண்டை முருகை வருசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும், தலையளவு கல்லு ஒண்டை அவன் கொண்டு வந்தா அது உங்கட மகளை விட வயசு கூடினது. அது புதுத் தொட்டியில ஒரு மாசமும் தாங்காது, அதுக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசிதான் வெளிச்சத்தில சாப்பாடு செய்து குடுக்குது, தண்ணி சூடானா முருகை அந்தப் பாசியைத் துப்பிட்டு வெள்ளையாப் போயிடும், நீங்க பாத்துக்கொண்டிருக்க ஒண்டும் செய்யேலாது.

கல்லுப்பும் சரிவராது, ஆனா கேட்டது நல்ல கேள்வி. உப்பளத்தில தண்ணி வத்தேக்க சுண்ணாம்புச் சத்து முதலே அடியில படிஞ்சிடும், பிறகுதான் நாங்க சாப்பிடுற உப்பு விளையும், மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியா மிஞ்சுற கசப்புத் தண்ணியோட வெளியில போயிடும். அப்ப கல்லுப்பைக் கரைச்சா உப்புக் கரிக்கும், ஆனா அது கடல் தண்ணி இல்லை. முருகை எலும்பு கட்டுறதுக்கு லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல கல்சியம் வேணும், 1300 அளவில மக்னீசியம் வேணும், ரெண்டும் அந்தளவுக்கு அதில இல்லை.

கடல் தண்ணி அள்ளுற யோசனை பிழை எண்டு சொல்லமாட்டன். ஜகார்த்தாவில லீ சின் எங் எண்டு ஒருத்தர், கடல் தண்ணியும் உயிருள்ள கல்லும் ஒரு சின்னக் காத்துப் பம்பும் மட்டும் வச்சு முருகை வளத்தவர், 1961லயே அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். நானும் கடல் தண்ணியிலதான் தொடங்கினன். ஆனா எங்கட கடல் வருசம் முழுக்க ஒரே கடல் இல்லை தம்பி. ஒரு கார்த்திகை மாசம், நாலு நாள் விடாம மழை பெய்து விட்டிருந்தது, தெரிஞ்ச ஒருத்தரோட போட்டில போய் கொட்டியாரக்குடாப் பக்கம் நாலு கான் தண்ணி அள்ளிக்கொண்டு வந்தன், பாக்கக் கண்ணாடி மாதிரி இருந்தது, அளக்காம பாதித் தண்ணியை மாத்திட்டன். விடிய எழும்பிப் பாத்தா சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட இறால் ஒரு பக்கம் சரிஞ்சு கிடந்து காலை மட்டும் துடுப்புப் போடுற மாதிரி அசைச்சுக்கொண்டிருந்தது, லெதர் கோரல் எண்ட மெதுவான முருகை பூப்பூவா விரிஞ்சு நிக்கிறது பொத்தின கை மாதிரி மூடிட்டுது. கானில மிச்சம் இருந்த தண்ணியை அப்பதான் அளந்தன், நல்ல தண்ணியோட ஒப்பிட்ட கனம் 1.019. இருக்கவேண்டியது 1.025. மகாவலி அந்தக் குடாவுக்குள்ளதான் வந்து விழுகுது, மழைக்கு மேல்தண்ணி முழுக்க ஆத்துத் தண்ணி கலந்து கிடக்கும், அது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, பிறந்ததில இருந்து பாத்த குடாதானே. இறால் பத்து மணிக்கு முன்னம் செத்திட்டுது. கோரல் திரும்ப விரிய மூண்டு கிழமை.

அதனால அள்ளுறதெண்டா மழை விட்டு கடல் தெளிஞ்ச பிறகு, நிலாவெளிப் பக்கம், கரையை விட்டுத் தள்ளி. துணியில வடிச்சு, மூடி, இருட்டில ரெண்டு கிழமை வச்சு, காத்துப் பம்ப் ஓடவிட்டு, பிறகு ஒவ்வொரு கானும் அளக்கவேணும். மாரியில மூண்டு மாசம் அள்ளவே ஏலாது, அதுக்கு உப்புப் பக்கெட் ஒண்டு வீட்டில கிடக்கட்டும்.

பிறந்தநாளுக்கு மீன் வேண்டாம். மீன் கழிக்கிறதில இருந்து வாற அமோனியா நஞ்சு, அதை நைட்ரைட்டா மாத்துற பாக்டீரியாவும், பிறகு நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியாவும் கல்லில குடியேற நாலஞ்சு கிழமையாவது எடுக்கும், நான் ரெண்டு மாசம் விடச் சொல்லுவன். டெஸ்ட் கிட்டில அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமா நிண்டா மட்டும் மீன். அதுவும் தொட்டியிலேயே பொரிச்சு வளத்த கோமாளி மீனாக் கேட்டு வாங்குங்கோ, ரெண்டும் சின்னனா எடுத்தா பெரிசா வாறது பொம்பிளையாயிடும், மற்றது ஆணாவே இருக்கும், அதை மகள் தானே பாத்துக் கண்டுபிடிக்கட்டும்.

ஆனி ஆடியில கச்சான் காத்துக்கு அறைக்குள்ள 34 வந்தா தொட்டி 31க்குப் போயிடும், எனக்குப் பயம் அந்த மாசங்கள்தான். தண்ணியைக் குளிராக்குற சில்லருக்கு காசு இல்லாட்டி மூடியைக் கழட்டி தண்ணிக்கு மேல ஃபேன் ஒண்டைப் பூட்டுங்கோ, ரெண்டு மூண்டு பாகை இறங்கும். ஆனா தண்ணி வத்தும், உப்பு வத்தாது, அதால குறையுற அளவுக்கு நல்ல தண்ணிதான் விடவேணும், உப்புத்தண்ணி விட்டிடாதேங்கோ, கிணத்துத் தண்ணியும் வேண்டாம், ஃபில்டரில வடிச்ச ஆர்ஓ தண்ணி. பற்றரியில ஓடுற காத்துப் பம்ப் ஒண்டும் கட்டாயம் வேணும், 2022ல கரண்ட் இல்லாத நாளெல்லாம் என்ட தொட்டியைக் காப்பாத்தினது அதுதான்.

பிள்ளையின்ட பிறந்தநாளை சும்மா விடச் சொல்லேல்ல. என்ட தொட்டியில எட்டு வருசமாக் கிடக்கிற லைவ் ராக்கில, அதான் சின்னச் சின்ன உயிர்கள் குடியிருக்கிற உயிருள்ள கல்லில, ரெண்டு துண்டு தாறன், பகலில பாத்தா வெறுங்கல்லுத்தான். இரவு லைட் எல்லாம் நிப்பாட்டி, டோர்ச்சுக்கு சிவப்புத் தாள் சுத்தி மகளோட உக்காந்து பாருங்கோ, ஒரு பொட்டுக்குள்ள இருந்து நூல் மாதிரி மெல்லிய கை ஒண்டு வெளியில வரும், பிறகு ரெண்டாவது கை, அது நட்சத்திர மீனின்ட சொந்தக்காரன், பக்கத்தில அரிசி அளவு நத்தையள் கண்ணாடியில ஏறும். என்ட மகன் அதைப் பாத்திட்டு விடியும் வரைக்கும் படுக்கேல்ல.

பக்கெட்டும் ஈரத்துணியும் கொண்டு ஞாயிறு பின்னேரம் வாங்கோ. உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரும் என்னட்ட மேலதிகமா ஒண்டு இருக்கு, எடுத்துக்கொண்டு போகலாம்.