கப்பல் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிவதால் சரக்குப் போக்குவரத்துக்கு என்ன லாபம்?

ஏஐஎஸ் என்பது கப்பல் தன் பெயர், இருப்பிடம், வேகம், திசை ஆகியவற்றை வானொலி அலையில் தானாகவே அறிவித்துக்கொண்டிருக்கும் கருவி. ஓடும் பெரிய கப்பல் 2 முதல் 10 விநாடிக்கு ஒரு முறை அறிவிக்கும். நங்கூரமிட்டு நின்றால் 3 நிமிடத்துக்கு ஒரு முறை. மோதலைத் தவிர்க்க வந்த ஏற்பாடுதான் இது. சரக்குக்காரர்கள் பிறகு பிடித்துக்கொண்டார்கள். கரை நிலையங்களுக்கு எட்டாத நடுக்கடலில் செயற்கைக்கோள்கள் இந்த அறிவிப்பைக் கேட்கின்றன.

பெரிய லாபம் எரிபொருளில். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் எஞ்சினுக்குத் தேவையான சக்தி ஏறத்தாழ 27 சதவீதம் குறையும். பயணம் நீள்வதைக் கழித்தாலும், அதே தூரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சம். துறைமுகத்துக்கு வெளியே எத்தனை கப்பல்கள் காத்துக் கிடக்கின்றன என்பது முன்பே தெரிந்தால் மெதுவாகவே வரலாம். மூடிய ரயில்வே கேட்டை நோக்கிப் பறந்துபோய் நின்று என்ன பயன்? கரையில் கிரேனும் லாரிகளும் வீணாக நிற்பதும் குறைகிறது.

ஏஐஎஸ் செய்தியில் வரும் சேருமிடமும் சேரும் நேரமும் செயற்கைக்கோள் கண்டறிந்தவை என்று பலர் நம்புகிறார்கள். அவை கப்பல் பணியாளர்கள் கையால் பதிவுசெய்பவை, போன துறைமுகத்தின் பெயரே மாற்றப்படாமல் கிடப்பதும் உண்டு.