ஒரே மதமானால் சண்டை நின்றுவிடுமா?

கேள்வி: மத நம்பிக்கை மக்களை இணைக்கிறதா, பிரிக்கிறதா? எல்லோரும் ஒரே மதத்தில் இருந்துவிட்டால் சண்டையே வராது என்பது என் கருத்து. சரிதானே?
– வாசகர் ஒருவர், வியாசர்பாடி

பதில்: சரியில்லை. நீங்கள் வாழும் வடசென்னையின் வரலாறே அதை மறுக்கிறது.

1707இல், இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில், வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்த சாதியினர் மோதிக்கொண்டார்கள். எந்தத் தெருவில் யாருடைய கல்யாண ஊர்வலம் போகலாம் என்பதுதான் வழக்கு. ஆளுநர் தாமஸ் பிட் பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையருக்கும் முத்தியால்பேட்டையை இடங்கையருக்கும் ஒதுக்கப் பார்த்தார். ஊரையே பிரிக்கும் அளவுக்குப் போன அந்தச் சண்டையில் வேறு மதத்தார் எங்கே இருந்தார்கள்?

அதற்காக, நம்பிக்கைக்கு மக்களைச் சேர்க்கும் வலு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெரம்பூரில் வெங்கடேச குணாமிர்த வர்ஷினி சபை என்று ஒன்று இருந்தது. சமயச் சொற்பொழிவு கேட்க வந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற துணி ஆலைகளின் தொழிலாளர்கள் தங்கள் குறைகளையும் அங்கேதான் கொட்டினார்கள். சாப்பிட்டு முடிக்கக்கூடப் போதாத இடைவேளை அவற்றில் ஒன்று. சபையை நடத்தியவர்களில் ஒருவரான செல்வபதி செட்டியார் அதைக் காது கொடுத்துக் கேட்டார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி. வாடியா ஒரு பார்சி, ஜொராஸ்டிரிய சமூகத்தவர். பெருமாளைக் கும்பிட்டவர்களுக்கு அது இடைஞ்சலாகவே இல்லை.

மூன்றே ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ஆலைகளில் நடந்த 1921 வேலைநிறுத்தத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே அணியில் நின்றார்கள். ஆதிதிராவிடர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். தீண்டாமையைச் சுமந்தவர்களிடம் திடீரென்று ஒற்றுமை கேட்டால் எப்படிக் கிடைக்கும்? புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிக்கப்பட்டன. பிறகு போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது. அங்கே மதம் மாறுபட்டவர்கள் தோழர்கள். அரசுக் கணக்கில் ஒரே மதத்தவர்கள் எதிரிகள்.

இன்று மதத்தின் பெயரால் வெறுப்பை வளர்ப்பவர்கள் மறைக்க விரும்புவது இந்த உண்மையைத்தான். பக்கத்துத் தெரு மசூதியைக் காட்டிக் கோபப்படச் சொல்கிறவர், சொந்தக் கோயிலின் வாசலில் யாரை நிறுத்தி வைத்தார்கள் என்று பேசமாட்டார். உங்கள் பகுதித் திருவிழாவில் வரி எந்தெந்தத் தெருக்களில் வசூலிக்கிறார்கள், சாமி ஊர்வலம் எந்த முனையோடு திரும்பிவிடுகிறது என்று விசாரியுங்கள். அந்த முனைக்கு அப்பால் குடியிருப்பவர்களிடமும் உங்கள் கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.