கனவு கிட்டாரும் ஊர் சுற்றும் கிட்டாரும் ஒன்றல்ல

கேள்வி: வேலை நேரத்தில் மனம் முழுக்க ஒரு கனவு கிட்டாரும் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதுமாகவே இருக்கிறது. வேலையை உடனே விட முடியாது. எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் அந்தக் கனவை இரண்டாகப் பிரியுங்கள். மனதில் தொங்கும் கிட்டார் வேறு, தோளில் மாட்டிக்கொண்டு போக வேண்டிய கிட்டார் வேறு. பலர் இரண்டையும் ஒரே கருவியில் தேடுவார்கள். கடைசியில், வெளியே எடுக்கவே பயப்படும் அளவுக்கு விலையுள்ள ஒன்று வீட்டில் பெட்டிக்குள் கிடக்கும். பயணமும் நடக்காது, வாசிப்பும் நடக்காது.

கனவு கிட்டாரிலிருந்து ஆரம்பிப்போம். 'எனக்கு ஒரு லெஸ் பால் வேண்டும்' என்பது விருப்பம் மட்டுமே. அதை மில்லிமீட்டருக்கு மாற்றினால்தான் தேட முடியும். பார்க்க வேண்டிய முதல் அளவு ஸ்கேல் லெங்த், அதாவது நட்டுக்கும் (தலைப்பக்கம் தந்திகள் பதியும் சிறு பட்டை) சேடிலுக்கும் (உடல் பக்கம் அவை பதியும் பட்டை) இடைப்பட்ட தந்தியின் நீளம். 1952இல் வந்த கிப்சன் லெஸ் பாலில் இது 24.75 அங்குலம், சுமார் 628 மி.மீ. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 25.5 அங்குலம், 648 மி.மீ. இருபது மில்லிமீட்டர் வித்தியாசம் காகிதத்தில் அற்பம்தான். கையில் அப்படி இல்லை. குட்டை ஸ்கேலில் தந்தி தளர்ந்திருக்கும், பெண்ட் (தந்தியை விரலால் வளைத்துச் சுருதி ஏற்றுவது) சுலபமாக வரும், ஃப்ரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகள்) நெருங்கி இருக்கும். நீள ஸ்கேலில் தந்தி விறைப்பாக நிற்கும், கீழ்த் தந்திகளின் ஒலி தெளிவாக வரும்.

அடுத்தது நட்டின் அகலம். எலெக்ட்ரிக்கிலும் பல அகூஸ்டிக்கிலும் 43 மி.மீ., விரல்களால் மீட்டுவோர் விரும்பும் அகூஸ்டிக்கில் 44.5 மி.மீ., கிளாசிக்கலில் 52 மி.மீ. ஒன்றரை மில்லிமீட்டர் கூடினாலே கார்டு (பல ஸ்வரங்களின் கூட்டு) பிடிக்கும்போது பக்கத்துத் தந்தியில் விரல் படுவது குறையும். மூன்றாவது எடை. உட்கார்ந்து வாசித்துப் பார்த்து வாங்கிய நான்கரை கிலோ கிட்டாரை நின்றபடி ஒரு மணி நேரம் மாட்டினால் தோள் கணக்குச் சொல்லிவிடும்.

கடையில் அரை மணி நேரம் கிடைத்தால் பாடல் வாசித்துக் காட்ட வேண்டாம், அளந்து பாருங்கள். ஆறாவது தந்தியை, அதாவது தடித்த தந்தியை, முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவதிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே தந்திக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை, ஒரு விசிட்டிங் கார்டு உரசிப் போகும் அளவு இருந்தால் நெக் (கிட்டாரின் கழுத்து) சரி. இடைவெளியே இல்லையென்றால் நெக் முழு நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது, அதிகமென்றால் முன்பக்கம். இவை நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராடை (உலோகக் கம்பியை) திருப்பினால் சரியாகும், கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக் கூடாது. பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து தந்தி நிற்கும் உயரத்தை, அதாவது ஆக்‌ஷனை அளக்க வேண்டும். அகூஸ்டிக்கில் ஆறாவது தந்தி சுமார் 2.4 மி.மீ., முதல் தந்தி 1.8 மி.மீ. என்றால் வசதியாக வாசிக்கலாம். எலெக்ட்ரிக்கில் 2 மற்றும் 1.5 மி.மீ. போதும்.

பழைய அகூஸ்டிக் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நேரான ஒரு நீள அளவுகோலை ஃப்ரெட்டுகள் மேல் படுத்தவாறு வைத்து பிரிட்ஜ் (சேடில் பொருந்தியிருக்கும் கட்டை) பக்கம் தள்ளினால், அதன் முனை பிரிட்ஜின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். கீழே இறங்கி பிரிட்ஜின் முகத்தில் இடித்தால் நெக்கின் கோணம் சரிந்துவிட்டது என்று பொருள். அதற்கு நெக்கைக் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டும். டிரஸ் ராடைத் திருப்பி இதைச் சரிசெய்ய முடியாது. விற்பவர் 'சின்ன செட்டப் (வாசிக்க ஏற்றபடி சரிசெய்யும்) வேலைதான்' என்றால் நம்பாதீர்கள், விலையில் அது குறைய வேண்டும்.

கனவு மிகப் பழையதாக இருந்தால் சட்டமும் உள்ளே வரும். மார்ட்டின் நிறுவனத்தின் டி-28 அகூஸ்டிக்கின் முதுகும் பக்கங்களும் 1969 வரை பிரேசில் ரோஸ்வுட்டில் செய்யப்பட்டவை. அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட கிட்டாருடன் நாட்டு எல்லை தாண்ட இசைக்கருவிச் சான்றிதழ் வேண்டும், அதிகபட்சம் மூன்றாண்டு செல்லும். மற்ற ரோஸ்வுட் வகைகளும் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது. ஆகவே இந்திய ரோஸ்வுட் கிட்டாருக்குப் பயமில்லை, பிரேசில் ரோஸ்வுட்டுக்குத் தாள் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சரி, பயணத்துக்கு எது? பயணத்துக்கான சிறிய கிட்டார்களில் டெய்லரின் பேபி 1996இல் வந்தது, ஸ்கேல் 578 மி.மீ. லிட்டில் மார்ட்டின் 584. டெய்லர் ஜிஎஸ் மினி கொஞ்சம் பெரியது, 597. இவற்றை முதல் முறை வாங்கும் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: 'தந்தி தொளதொளவென்று இருக்கிறது, அழுத்தினால் சுருதி ஏறுகிறது.' காரணம் எளிது. ஒரே சுருதிக்கு, தந்தியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 645 மி.மீ. கிட்டாரில் போடும் 12 கேஜ் (கேஜ் என்பது தந்தியின் தடிமன்) தந்தியை 578 மி.மீட்டரில் போட்டால் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். 13 கேஜ் போட்டால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். ஜிஎஸ் மினி தொழிற்சாலையிலிருந்தே 13 கேஜுடன் வருவது இதனால்தான். கேஜ் மாற்றினால் நட்டின் பள்ளங்களும் கொஞ்சம் அகல வேண்டியிருக்கும். இல்லையென்றால் தந்தி பள்ளத்தில் சிக்கி, ட்யூன் செய்யும்போது 'டிக் டிக்' என்று குதிக்கும்.

மரத்தைப் பொறுத்தவரை என் வாக்கு லேமினேட்டுக்கு (மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்த பலகை). வீட்டுக் கிட்டாருக்கு முழு மரப்பலகை வேண்டும், பயணத்துக்கு வேண்டாம். உயர் அழுத்த லேமினேட் பக்கங்கள் ஈரத்துக்கும் வறட்சிக்கும் அசையாது. கார்பன் ஃபைபர் இன்னும் உறுதி, ஆனால் விலை கனவுக் கிட்டாரை எட்டிப் பிடிக்கும். தங்குமிடத்தில் இரவில் வாசிப்பவரென்றால் யமஹாவின் சைலண்ட் கிட்டார் பொருத்தம். உடலுக்குப் பதில் கழற்றக்கூடிய சட்டம்தான், ஒலி ஹெட்ஃபோனில் வரும், பக்கத்து அறை உறங்கும். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஹெட்ஸ்டாக் (தந்தியை முறுக்கும் ட்யூனர்கள் உள்ள தலைப்பகுதி) இல்லாத மாடல்கள் இருக்கின்றன. நீளம் குறையும், உடையக்கூடிய இடமும் இருக்காது.

உடைவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், பயணத்தில் கிட்டார் சாகும் வழி பெரும்பாலும் அதுதான். லெஸ் பால் வகையில் ஹெட்ஸ்டாக் பின்னோக்கி 17 டிகிரி வரை சாய்ந்திருக்கும். ஒரே மரத்துண்டில் வெட்டியதால் அந்த வளைவில் மர நார்கள் குறுக்கே அறுபட்டிருக்கும். நட்டுக்குப் பின்னால் டிரஸ் ராடுக்காகக் கொஞ்சம் மரத்தையும் தோண்டி எடுத்திருப்பார்கள். பெட்டி முதுகுப்பக்கமாக விழும்போது உடலையும் நெக்கையும் பெட்டி தாங்கி நிறுத்திவிடும், ட்யூனர்களின் எடையோடு ஹெட்ஸ்டாக் மட்டும் பின்னோக்கிச் சாட்டையைப் போல வீசும். உள்ளே ஒரு கீறல் கூட விழாத பெட்டியில் தலை ஒடிந்த கிட்டார் இருப்பதற்கு இதுவே காரணம். ஃபெண்டர் வகைத் தட்டை ஹெட்ஸ்டாக்கில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

அதனால் சரக்கில் போட நேர்ந்தால் ஹெட்ஸ்டாக்கின் அடியிலும் இரு பக்கமும் துணியைத் திணித்து, பெட்டியை மூடி ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரக் கூடாது. தந்திகளை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் போதும். முழுவதும் கழற்ற வேண்டியதில்லை. 12 கேஜ் செட்டின் மொத்த இழுவிசை 70 கிலோவைத் தாண்டும் என்பதால் சிலர் இன்னும் அதிகமாகத் தளர்த்துவார்கள், அதுவும் சில நாளைக்குக் கெடுதல் செய்யாது. கேப்போ (நெக்கில் மாட்டும் கவ்வி), சுருதி காட்டும் ட்யூனர் கருவி போன்றவற்றைக் கிட்டாரோடு வைக்காதீர்கள், அவையே கீறிவிடும். 'உடையக்கூடியது' என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்பியும் அனுப்பாதீர்கள்.

கைச்சாமானாகக் கொண்டுபோவது நல்லது, ஆனால் விதியைப் படியுங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்களின் கைப்பை நீளம் சுமார் 55 செ.மீ.தான், முழு கிட்டாரோ ஒரு மீட்டர். அமெரிக்க நிறுவனங்கள் 2015 முதல், ஏறும் நேரத்தில் மேலறையில் (இருக்கைக்கு மேலுள்ள சாமான் அறையில்) இடமிருந்தால் கிட்டாரை ஏற்க வேண்டும் என்று அங்கே விதி உண்டு. மற்ற நிறுவனங்களில் அவரவர் கொள்கைதான். டிக்கெட் எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள். முதலில் ஏறுகிறவருக்குத்தான் மேலறை கிடைக்கும். தந்தி வெட்டும் கட்டிங் பிளேயரை சரக்குப் பையில் போடுங்கள், பாதுகாப்புச் சோதனையில் அதற்காக வாதாட வேண்டாம். ஹெட்ஃபோன் ஆம்பின் உதிரி லித்தியம் பேட்டரி நேர் எதிர், அது கைப்பையில்தான் வர வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் குளிர்ந்த பெட்டியை உடனே திறக்காதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் அறையின் வெப்பத்துக்குப் பழகட்டும், இல்லையென்றால் நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு) பூச்சில் கண்ணாடிக் கீறல் போல வெடிப்பு ஓடும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை முழு மரக் கிட்டாருக்கு உகந்தது. 35க்குக் கீழே போனால் மேற்பலகை உள்வாங்கும், ஃப்ரெட் முனைகள் கையைக் குத்தும். 65க்கு மேல் வயிறு உப்பி ஆக்‌ஷன் ஏறும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் ஒருபோதும் விட்டுப் போகாதீர்கள். உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தாண்டினால் பசை இளகி பிரிட்ஜ் மெதுவாகப் பெயரும்.

இனி வேலைநாள். மனோதத்துவ அறிஞர் கேப்ரியல் ஓட்டிங்கன் ஆய்ந்து சொன்ன ஒன்று இங்கே பொருந்தும்: கனவை இனிப்பாக மட்டும் காணும்போது, ஏற்கெனவே அடைந்துவிட்டதாக உடம்பு தளர்ந்துவிடுகிறது. கனவின் அடுத்த நொடியில் குறுக்கே நிற்கும் தடையையும் நினைத்தால்தான் செயலுக்கு ஊக்கம் வரும். ஆகவே 'ஸ்பெயினின் கிரானடாவில் மாலை வெளிச்சத்தில் வாசிக்கிறேன்' என்று தோன்றியதும், 'வீட்டுக்கு வந்ததும் களைப்பில் ஃபோனை எடுத்துவிடுகிறேன்' என்பதையும் சேர்த்து நினையுங்கள். பிறகு ஒரு நிபந்தனை: செருப்பைக் கழற்றியதும் இருபது நிமிடம் கிட்டார், அதன்பின் ஃபோன். கிட்டார் பெட்டிக்குள் இருந்தால் இது நடக்காது, ஸ்டாண்டில் வெளியே இருக்கட்டும். பணத்துக்கு ஒரு தனிக் கணக்கு, சம்பளம் வந்த அன்றே தானாகப் போகும்படி. நூறு பங்கில் எழுபத்தைந்தை கிட்டாருக்கும் மீதியை ஹார்டு கேஸ், செட்டப், தந்தி செட்டுகளுக்கும் வையுங்கள். கிட்டாருக்கே முழுப் பணத்தையும் கொட்டியவர்கள் செட்டப்பைத் தள்ளிப்போட்டு, வாசிக்கவே வராத அழகுப் பொருளை வைத்திருப்பார்கள்.

எங்கே போகலாம் என்றால், கிட்டார் பிறக்கும் ஊர்களுக்கு. கிரானடாவின் கோமெரெஸ் மேட்டுத்தெருவில் கிட்டார்ப் பட்டறைகள் இருக்கின்றன. அந்தப் பகுதியின் அல்மேரியா, இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்தை அமைத்த அந்தோனியோ டி டோரெஸின் ஊர், அங்கே கிட்டார் அருங்காட்சியகமும் உண்டு. 1833இல் நியூயார்க்கில் தொடங்கிய மார்ட்டின் நிறுவனத்தின் தொழிற்சாலையை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள நசரேத்தில் பார்க்கலாம். மெக்சிகோவின் பராச்சோ ஊரே கிட்டார் செய்கிறது. டோக்கியோவின் ஒச்சனொமிசுவில் ஒரு தெரு முழுக்கக் கிட்டார்க் கடைகள்.

இத்தகைய இடங்களில் விலையுள்ள கிட்டாரை எடுத்துத் தருவார்கள், சில மரியாதைகள் உண்டு. சுவரில் மாட்டியதைக் கேட்காமல் எடுக்காதீர்கள். பெல்ட் பக்கிள் கிட்டாரின் முதுகைக் கீறும், பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். சட்டையின் பித்தளைப் பொத்தான், ஜிப் எல்லாம் கூட. உங்கள் பிக்கை (தந்தி மீட்டும் சிறு தகட்டை) எடுத்துச் செல்லுங்கள், கனம் மாறினால் ஒலியும் மாறும், எந்தக் கிட்டார் என்ன செய்கிறது என்று ஒப்பிட முடியாது. எல்லாக் கடையிலும் ஒரே துண்டை, அதே வேகத்தில், திறந்த தந்தியிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை போகும்படி வாசியுங்கள். பிடித்ததின் நட் அகலம், ஸ்கேல், எடை, ஆக்‌ஷன் ஆகியவற்றை அங்கேயே எழுதி வையுங்கள். ஆக்‌ஷனைக் குறிக்காமல் வந்தால், நன்றாகச் செட்டப் செய்திருந்த சாதாரணக் கிட்டாரே உங்கள் கனவு என்று தவறாக முடிவாகிவிடும்.