மட்டக்களப்புக் குறும்படம்: சமையலறைக் காட்சியில் ஓடும் கறுப்புப் பட்டைகள்

உங்கள் குறும்படத்தில், ட்யூப்லைட்டின் கீழ் எடுத்த சமையலறைக் காட்சியில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன, என்ன செய்வது என்று கேட்டீர்கள். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு பிரேமும் (படமும்) ஒளி வாங்கும் நேரத்தை, 1/50 நொடி ஆக்கி, நொடிக்கு 25 பிரேமில் அந்தக் காட்சியை மட்டும் மறுபடி எடுங்கள். வாவிக்கரையில் பகலில் எடுத்தவற்றில் பட்டை இல்லை என்கிறீர்களே, அதுவே துப்பு: வெயில் துடிப்பதில்லை, ட்யூப்லைட் துடிக்கிறது. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி எழும். 1/50 நொடியில் சரியாக இரண்டு துடிப்பு அடங்கும், 1/60இல் முழுதாக அடங்காது; உங்கள் கேமரா 1/60இல் நின்றிருக்க வேண்டும்.

எடுப்பதற்கு முன் அதே விளக்கின் கீழ் வெள்ளைச் சுவரைச் சில நொடிகள் பதிவுசெய்து, கணினித் திரையில் பாருங்கள். கேமராவின் சின்னத் திரை ஏமாற்றும். கல்லடியில் ஓர் இரவுப் படப்பிடிப்பு முழுவதையும் இப்படித்தான் இழந்தேன்; எல்லோரும் சாப்பிட்ட கொத்து ரொட்டிதான் மிச்சம்.

மலிவான எல்இடி பல்புகள் சில, ஷட்டரை 1/50 ஆக்கினாலும் அடங்காது; கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்ததை மென்பொருளால் ஓரளவு திருத்தலாம், ஆனால் முகத்தின்மேல் ஓடும் பட்டை பெரும்பாலும் முழுதாகப் போகாது.