நெடுக்காகத் திருப்பினால் லென்ஸ் ஏன் தலைகுனிகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பல, கேமராவும் ட்ரைபாடும் (முக்காலியும்) சேரும் இடத்தைப் பற்றியவை. கேமராவின் அடியில் திருகி மாட்டும், உள்ளங்கையில் அடங்கும் பிளேட் என்னும் அந்த உலோகத் துண்டைப் பற்றி இவ்வளவு பேர் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. ட்ரைபாடின் காலுக்குச் செலவிடும் யோசனையில் கால்வாசியைக்கூட நாம் அதற்குத் தருவதில்லை.

கேள்வி: அக்கா, நான் அருவி, ஓடை, பழைய கட்டடங்கள் என்று நீண்ட நேர எக்ஸ்போஷர் (ஷட்டரைப் பல விநாடி திறந்து வைக்கும்) படங்கள் எடுக்கிறேன். கேமரா குறுக்குவாட்டில் இருக்கும்போது பிரச்சினை இல்லை. நெடுக்காகத் திருப்பி வைத்தால் எவ்வளவு இறுக்கினாலும் லென்ஸ் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. ட்ரைபாடின் உச்சியில் கேமராவைச் சாய்க்கவும் திருப்பவும் உதவும் உருண்டைத் தலையை, அதாவது பால் ஹெட்டை, மாற்று என்கிறான் நண்பன். எல் பிராக்கெட் போதும் என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?

வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள், தம்பி. கேமராவின் அடிப்பாகத்திலும் பிளேட்டின் ஓரத்திலும் சேர்த்து ஒட்டுமாறு ஒரு சிறு காகித டேப்பை ஒட்டி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். பிறகு டேப்பை அந்தச் சந்திப்பில் பிளேடால் வெட்டிவிடுங்கள். கேமராவை நெடுக்காகத் திருப்பிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். கோட்டின் இரு பாதிகளும் விலகியிருந்தால் குற்றவாளி திருகு. விலகாமல் லென்ஸ் மட்டும் இறங்கியிருந்தால் பால் ஹெட். நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால், கோடு விலகும் என்றுதான் நினைக்கிறேன்.

காரணம் இதுதான். கேமரா நேராக இருக்கும்போது அதன் எடை பிளேட்டின் மேல் உட்காருகிறது. திருகுக்குப் பெரிய வேலை இல்லை, கேமரா நகராமல் பிடித்துக்கொண்டால் போதும். 90 டிகிரி திருப்பியதும் அதே திருகு படுத்த நிலைக்கு வருகிறது. இப்போது கேமரா அதில் தொங்குகிறது. லென்ஸ் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், அச்சில் மாட்டிய சக்கரம்போல மொத்த கேமராவும் அந்தத் திருகைச் சுற்றிச் சுழலப் பார்க்கிறது. அதைத் தடுக்க இருப்பது 6.35 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு திருகும், பிளேட்டின் மேல் ஒட்டிய ரப்பரின் உராய்வும்தான். ரப்பர் அழுந்தும், நெளியும். பத்து விநாடி எக்ஸ்போஷரில் அரை மில்லிமீட்டர் நழுவினாலே பாறையின் விளிம்பு இரட்டையாகிவிடும்.

நான் பல வருடம் கவனிக்காத ஒன்றையும் சொல்கிறேன். எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதும் முக்கியம். கேமராவுக்குப் பின்னால் நின்று பாருங்கள். அதை வலப்பக்கம் சாய்த்தால், லென்ஸ் இறங்கும் திசையும் திருகு இறுகும் திசையும் ஒன்றே. இடப்பக்கம் சாய்த்தால், இறங்கும் ஒவ்வொரு இழையளவும் திருகைத் தளர்த்துகிறது. அதனால் புதியது எதுவும் வாங்கும்வரை வலப்பக்கம் சாய்த்து எடுங்கள். ஷட்டர் பொத்தான் கீழே போய்விடும். அதனால் இரண்டு விநாடி டைமரையோ ரிமோட்டையோ பயன்படுத்துங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கு எப்படியும் அதுதான் நல்லது.

இனி எல் பிராக்கெட். ட்ரைபாடின் தலையைக் கவிழ்க்காமல், கேமராவையே கழற்றித் திருப்பி மாட்ட உதவும் எல் வடிவ உலோகம் அது. ஒரு கை கேமராவின் அடியில் இருக்கும், இன்னொரு கை பக்கவாட்டில் ஏறி நிற்கும். இரண்டையும், ட்ரைபாடின் தலையில் பிளேட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பில் மாட்டலாம். இதில் பெரிய லாபம், எடை ட்ரைபாடின் நடுவிலேயே நிற்பதுதான். நீர் நிறைந்த வாளியை உடலோடு ஒட்டித் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ கேமராவும் லென்ஸும் நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகி நின்றால், அந்த எடை முழுவதும் பால் ஹெட்டின் பிடியை முறுக்கிக்கொண்டே இருக்கும். காற்று வந்தால் ஒரு கால் மேலெழவும் பார்க்கும். எல் பிராக்கெட்டில் அந்தத் தொல்லை கிடையாது. படத்தின் கோணமும் அதிகம் மாறாது. தலையைக் கவிழ்த்தால் லென்ஸ் கீழேயும் பக்கவாட்டிலும் நகர்ந்துவிடும், நீங்கள் முதலிலிருந்து ஃப்ரேம் வைக்க வேண்டும்.

ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். பெரும்பாலான எல் பிராக்கெட்களில் செங்குத்துக் கை, பின்னாலிருந்து பார்க்கும்போது இடப்பக்கத்தில் இருக்கும், ஏனென்றால் வலப்பக்கத்தில் கைப்பிடி இருக்கிறது. ஆகவே கேமரா இடப்பக்கமாகத்தான் திரும்பும். அதாவது, திருகு தளரும் அதே திசை! பிராக்கெட் கேமராவின் உடலை ஒட்டிப் பிடிக்காவிட்டால் உங்கள் பழைய நோய் புதிய பிராக்கெட்டிலும் தொடரும். நான் முதலில் வாங்கியது எல்லா கேமராவுக்கும் பொருந்தும் என்று விற்கப்பட்ட ஒன்று. தட்டையான அடிப்பாகம், நடுவில் ஒரு நீள்துளை, அவ்வளவுதான். ஒரு நாள் விடியற்காலையில் ஏரிக்கரையில் நின்று நாற்பது படங்கள் எடுத்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் முதல் ஐந்தாறு தவிர மற்ற எல்லாவற்றிலும் நாணல் தண்டுகள் கீழ்நோக்கி இழுபட்டிருந்தன. அந்த ஒளி எனக்கு மறுபடி கிடைக்கவில்லை. அந்த இழப்பு இன்னும் வலிக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் கேமரா மாடலுக்கென்றே கடைந்த பிராக்கெட்டை வாங்குங்கள். அதன் பின்பக்கத்தில் கேமராவின் முதுகைத் தொடும்படி எழும்பிய விளிம்பு இருக்க வேண்டும். கேமரா சுழல முயன்றால் அந்த விளிம்பில் முட்டி நிற்கும். பிடிப்பது ரப்பரின் உராய்வு அல்ல, உலோகத்தின் வடிவம். மாட்டிப் பார்க்கும்போது பேட்டரிக் கதவு முழுவதும் திறக்கிறதா, மெமரி கார்டை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். செங்குத்துக் கை நிற்கும் பக்கத்தில்தான் பல கேமராக்களில் ரிமோட், மைக், எச்டிஎம்ஐ துளைகள் இருக்கின்றன. கேபிளைச் செருகிய நிலையில் சோதியுங்கள், செருகாமல் பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் விரியும் திரை உள்ள கேமராவில் கை திரையை இடிக்கும். அதற்காகவே கையை வெளியே இழுத்து நகர்த்தக்கூடிய பிராக்கெட்கள் உண்டு. கேமராவின் அடியில் கூடுதல் பேட்டரிக்கான பேட்டரி கிரிப் மாட்டுபவராக இருந்தால் கிரிப்புக்கான பிராக்கெட் தனி. உடலுக்கான பிராக்கெட் அதற்கு உதவாது.

நண்பனிடம் சொல்லுங்கள்: பால் ஹெட்டை இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

கேள்வி: என் கிளாம்பும் பிளேட்டும் இரண்டுமே ஆர்கா ஸ்விஸ் வகை என்று எழுதித்தான் விற்றார்கள். ஆனால் பிளேட் ஆடுகிறது. நெம்புகோல் கிளாம்ப் முழுவதும் மூடியும் இப்படி. போலியா?

போலி என்று சொல்லிவிட முடியாது. கேமராவின் அடியில் இருக்கும் துளைக்கு உலகப் பொதுத் தரம் இருக்கிறது: ஐஎஸ்ஓ 1222. கால் அங்குலத் திருகு, ஓர் அங்குலத்துக்கு 20 மரை (திருகின் சுற்றுவரிகள்). பெரிய கருவிகளுக்கும் ட்ரைபாடின் தலைக்கும் 3/8 அங்குலம், 16 மரை. அதனால்தான் எந்த நிறுவனத்தின் கேமராவும் எந்த நிறுவனத்தின் ட்ரைபாடிலும் ஏறுகிறது. ஆர்கா ஸ்விஸ் பிளேட்டின் கதை வேறு. அது ஒரு நிறுவனத்தின் வடிவம். மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள், வழக்கமாகிவிட்டது. அகலம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர், ஓரங்கள் சரிவானவை. அந்த 'ஏறத்தாழ'வில்தான் உங்கள் பிரச்சினை இருக்கிறது. ஒருவர் செய்வது கொஞ்சம் அகலம், இன்னொருவருடையது கொஞ்சம் குறுகல், சரிவின் கோணத்திலும் நுண்ணிய மாற்றம்.

குமிழைத் திருகி இறுக்கும் கிளாம்ப் இந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடும், பிளேட் எவ்வளவு குறுகலாக இருந்தாலும் அது தொடும்வரை நாம் திருகலாம். நெம்புகோல் கிளாம்ப் ஒரே அளவில் மூடும். இறுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இல்லாத நெம்புகோலில் குறுகிய பிளேட்டை வைத்தால் 'டிக்' என்று மூடிய சத்தம் கேட்கும், பிடித்திருக்காது. அந்தச் சத்தத்தை நம்பி நான் ஒருமுறை கேமராவைச் சாய்த்தேன். பிளேட் சறுக்கி வெளியே வந்து, கேமரா என் முழங்கையில் விழுந்தது. லென்ஸ் ஹுட் உடைந்தது, கண்ணாடி தப்பியது. அன்றிலிருந்து மூடிய பிறகு கேமராவை ஒருமுறை அசைத்துப் பார்க்காமல் கையை எடுப்பதில்லை.

பல நிறுவனங்களின் பிளேட்களை வைத்திருப்பவர் குமிழ்க் கிளாம்ப் வாங்குவதே பாதுகாப்பு. நெம்புகோலின் வேகம் வேண்டுமென்றால் கிளாம்ப், பிளேட், பிராக்கெட் எல்லாம் ஒரே நிறுவனத்துடையதாக இருக்கட்டும். பிளேட்டின் இரு முனைகளிலும் அடியில் சிறு திருகுகள் இருந்தால் கழற்றி எறியாதீர்கள். கிளாம்ப் சற்றுத் தளர்ந்தாலும் பிளேட் முழுவதும் வழுக்கி வெளியே வராமல் அவை தடுக்கும்.

மான்ஃப்ரோட்டோவின் ஆர்சி2 பிளேட் வைத்திருக்கும் இன்னொரு வாசகரும் இதையே கேட்டிருந்தார். அது வடிவத்திலேயே வேறு. ஆர்கா கிளாம்பில் உட்காராது, வலிந்து செருக வேண்டாம். அந்தக் கிளாம்பைத் தலையிலிருந்து கழற்ற முடிந்தால், அந்த இடத்தில் ஆர்கா கிளாம்ப் ஒன்றைத் திருகிக்கொள்ளலாம்.

கேள்வி: பறவைகளைப் படம் எடுக்க 100-400 ஜூம் லென்ஸ் வைத்திருக்கிறேன். லென்ஸிலேயே ஒரு வளையமும் காலும் இருக்கின்றன. கேமராவில் எல் பிராக்கெட்டும் மாட்டட்டுமா?

அந்த லென்ஸுக்காக வேண்டாம். கேமராவைப் பிடித்து லென்ஸைத் தொங்கவிடுவதும் லென்ஸைப் பிடித்து கேமராவைத் தாங்குவதும் ஒன்றல்ல. முன்னதில் லென்ஸின் எடை முழுவதும் கேமராவில் லென்ஸ் பொருந்தும் மவுண்ட்டை வளைக்கப் பார்க்கும். கையால் தொட்டாலே முன்முனை நடுங்கும். வளையத்தின் காலை ட்ரைபாடில் மாட்டுங்கள். நெடுக்குவாட்டுப் படத்துக்கு வளையத்தின் குமிழைத் தளர்த்தி கேமராவைச் சுழற்றினால் போதும், எடை நடுவிலேயே இருக்கும். எல் பிராக்கெட் செய்யும் வேலையை அந்த வளையமே செய்துவிடுகிறது.

காலுக்கு நீளமான பிளேட் வாங்குங்கள். கிளாம்பைக் கொஞ்சம் தளர்த்தி, பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, கேமரா எந்தப் பக்கமும் சாயாத இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஜூமை நீட்டினால் லென்ஸ் குழல் வெளியே வரும் வகையென்றால் அந்த இடம் மாறும். நீங்கள் அதிகம் பயன்படுத்துவது 400 என்றால் 400-இல் வைத்தே சமநிலை பாருங்கள். காலில் இரண்டு திருகுத் துளைகள் இருந்தால் இரண்டிலும் திருகு போடுங்கள். ஒரு திருகில் நிற்கும் பிளேட் சுழலும், இரண்டு திருகில் நிற்பது சுழலாது. காலிலேயே ஆர்கா சரிவு கடைந்திருந்தால் பிளேட்டே வேண்டாம்.

கேள்வி: பழைய பிளேட்டின் திருகு தொலைந்துவிட்டது. வேறொன்றைப் போட்டேன். இனிச் சுற்ற முடியாது என்னும் அளவுக்குத் திருகியும் பிளேட் லொடலொடக்கிறது.

உடனே நிறுத்துங்கள். திருகு நீளம் அதிகம். அதன் முனை கேமராவின் துளைக்குள் அடிவரை போய் முட்டிவிட்டது. பிளேட் இறுகுவதற்குள் திருகு நின்றுவிட்டது. இன்னும் பலம் கொடுத்தால் துளையின் அடிப்பாகமோ அதைச் சுற்றியுள்ள உடலோ விரிசல் விடும். அந்தப் பிளேட்டுக்குரிய திருகையே தேடி வாங்குங்கள். கிடைக்கும்வரை அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: எல் பிராக்கெட்டை எப்போதும் கேமராவிலேயே விட்டுவிடலாமா? கையில் பிடித்து எடுக்கும்போது கனக்காதா?

நான் விட்டுவிடுகிறேன். அலுமினிய பிராக்கெட் சுமார் நூறு கிராம்தான் கூடும். சிறிய கேமராவில் சுண்டுவிரல் காற்றில் தொங்கும் தொல்லை இருக்கும், பிராக்கெட்டின் அடிப்பாகம் அந்த விரலுக்கு இடம் தருகிறது. அதோடு ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுபவர் ஏதாவது ஒருநாள் அரைகுறையாக இறுக்குவார். மாட்டியே வைத்திருந்தாலும் வாரம் ஒருமுறை அல்லன் கீயால் (எல் வடிவ அறுகோணச் சாவியால்) திருகைச் சோதியுங்கள். வண்டிப் பயணத்தின் அதிர்வில் அது தளரும். அந்த அல்லன் கீயைச் செருகி வைக்க பிராக்கெட்டிலேயே காந்தம் பதித்த குழி இருந்தால் வாங்கும்போது அதற்கு முன்னுரிமை கொடுங்கள். பையின் அடியில் கிடக்கும் சாவி காட்டுக்குள் கைக்கு அகப்படாது. முழுப் பலத்தையும் போட்டு இறுக்கவும் கூடாது. விரல் நுனியால் சாவியின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து, எதிர்ப்பு உணர்ந்த பிறகு கால் சுற்று திருகுங்கள்.